கூட்டுக் கணக்கில் பிடித்த அபராதக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றேன்

கணவரும் நானும் பிரிந்த பிறகு, எங்கள் கூட்டுச் சேமிப்புக் கணக்கில் வங்கி மாதாமாதம் பிடித்த கட்டணங்களில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் பெண்கள் கவுண்டரில் கிடைக்கும் முதல் பதிலோடு வீடு திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்கில் முதல் பெயர் என்னுடையது. இருவரில் எவரும் பணம் எடுக்கலாம் என்ற முறையில் திறந்தது. பிரிந்த கையோடு அவர் இருப்பு முழுவதையும் எடுத்துவிட்டார். என் ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருந்ததால், மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மட்டும் அங்கேயே வந்துகொண்டிருந்தது. வேறு ஊரில் குடியேறிச் சற்று நிலைப்பட்ட பிறகு பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால், ஆயிரம் வரவு வைத்த வரிக்கு அடுத்த வரியிலேயே குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு 500 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 90 ரூபாய் என்று பற்று. மீதி 410 ரூபாயை, அவருடைய பைக் கடன் தவணை, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியதற்கான கட்டணம் விழுங்கியிருந்தது. பக்கம் முழுக்க இதே மூன்று வரிகள் மாறி மாறி வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கிளையில் இருந்த அலுவலர் பாஸ்புக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஜாயின்ட் அக்கவுண்ட்மா, சார் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் செய்ய முடியும்” என்றார். இது தவறான தகவல். கணக்கை மூடத்தான் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். கணக்கு விவரம் கேட்கவும், பிடித்த கட்டணம் குறித்துப் புகார் கொடுக்கவும் கணக்குதாரரில் ஒருவர் போதும். இதை அந்தக் கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் நம் பக்கம் இருக்கின்றன. 2015 ஏப்ரல் 1 முதல், இருப்பு குறைந்தால் வங்கி முதலில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவித்து, அதைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தந்த பிறகே அபராதம் விதிக்க வேண்டும். அபராதமும் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் இருக்க வேண்டும். இருப்பு எவ்வளவு இருந்தாலும் எனக்கு ஒரே 500 ரூபாய்தான் பிடித்திருந்தார்கள். உரிமைத் தொகையில் வங்கிகள் கை வைப்பதும் புதிதல்ல. 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதே இந்தப் புகார் எழுந்து, அத்தொகையிலிருந்து கட்டணத்தை நேர்செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளுக்கு வெளிப்படையாகவே சொன்னார்.

இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். நகலில் முத்திரை வைக்க மறுத்ததால், அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் மேலாளர் பெயருக்கு அனுப்பினேன். குறுஞ்செய்தி தவறாமல் அனுப்பப்பட்டது, ஆகவே கட்டணம் சரியே என்று பதில் வந்தது. அனுப்பியது யாருடைய எண்ணுக்கு? கணவருடைய எண்ணுக்கு. பிரிந்தவுடனேயே கைபேசி எண்ணை மாற்றச் சொல்லி நான் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அதை அவர்கள் பதிவே செய்யவில்லை. அந்த விண்ணப்பத்தின் நகலில், ஊதா மையில் சற்றே மங்கலாக, கிளையின் முத்திரையும் தேதியும் இருந்தன. என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான். வங்கியில் எதைக் கொடுத்தாலும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும், நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

வங்கியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் புகாரைப் பதிவது எளிது, கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். பாஸ்புக் பக்கங்களோடு அந்த முத்திரை நகலையும் இணைத்தேன். அதன் பிறகு வங்கியின் குரலே மாறிவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து அழைத்து ‘மேடம்’ என்று பேசினார்கள். நான் எண் மாற்றக் கேட்ட தேதியிலிருந்து பிடித்த குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் முழுவதும், ஜிஎஸ்டி உட்பட, வரவு வைக்கப்பட்டது.

பைக் கடன் தவணைக் கட்டணம் மட்டும் திரும்பவில்லை. கணக்குதாரர் என்ற முறையில் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த உத்தரவின்படி வந்த கட்டணம் அது என்றார்கள். எனக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை, ஆனால் கூட்டுக் கணக்கில் ஒருவர் வைக்கும் பாக்கி இருவர் தலையிலும் விழுகிறது. ஆகவே பிரிந்தவுடன் வேறொரு வங்கியில், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தனிப்பெயரில் திறந்து, ஆதாரை அதற்கு மாற்றிவிடுங்கள். அரசு உதவித்தொகை கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். நானும் மாற்றிவிட்டேன், இப்போது ஆயிரம் ரூபாய் ஆயிரமாகவே வருகிறது. பழைய கணக்கை மூடும் படிவம் வழக்கறிஞர் வழியாக அவருக்குப் போயிருக்கிறது. இன்னும் கையெழுத்தாகி வரவில்லை.