மாங்காய் ஜாடிக்குள் தண்ணீர் ஊற்றியது யார்?

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் நாட்களில் யாங்கூனில் நனையாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார், என் சித்தப்பா. சித்தி பெகுவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் இந்த வருஷம் ஊறுகாய்ப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஊறுகாயில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் பூசணம் பூத்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தார்கள். ஜாடியைக் காயவைத்தார், கத்தியைக் காயவைத்தார், கரண்டியையும் விடவில்லை. ரெண்டு வீசை மாங்காயை நறுக்கி, கல்லுப்புப் போட்டுக் குலுக்கி, துணியால் வாய்கட்டி அலமாரி உச்சியில் ஏற்றினார்.

மறுநாள் காலை திறந்தால் உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

வெளியே ஊரே வாளியும் குழாயுமாக நிற்கிற நேரம். சந்தேகம் யார்மேல் போகும்? வீட்டு வாண்டுகளை வரிசையில் நிறுத்திவிட்டார்.

"எந்தப் பய ஊத்துனது?"

"நாங்க இல்ல தாத்தா!"

மெட்ரிக் படிக்கும் என் மூத்த மகள் ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "குழாய்த் தண்ணி எப்ப தாத்தா புளிச்சுது? இது மாங்காய்க்குள்ள இருந்த தண்ணி. ஆஸ்மோசிஸ், அதாவது சவ்வூடு பரவல்."

மாங்காயின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. தண்ணீர் அதன் வழியே இரண்டு பக்கமும் போய்வரும், உப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. வெளியே உப்பு மிகுந்தால், உள்ளே வரும் தண்ணீரைவிட வெளியேறுவது அதிகமாகிவிடும். செல் சுருங்கும், சவ்வு செல்சுவரை விட்டு விலகும், துண்டு துவளும்.

சித்தப்பா நம்பவில்லை. இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒன்றில் உப்பைக் கொட்டி, இரண்டிலும் உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டாள். யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காபிகூட அங்கேதான். உப்புத் தண்ணீரில் கிடந்தது ரப்பர் மாதிரி வளைந்தது. மற்றது விறைப்பாக நின்றது, அதன் செல்கள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு உப்பியிருந்தன.

உடனே புது வாதம் பிறந்தது. "அப்ப இவனுங்க விரலப் பாரு, மாங்கா மாதிரி சுருங்கிருக்கு! உப்புத் தண்ணில கை விட்டிருக்கானுங்க!"

நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடினால் விரல் சுருங்காதா? ஆனால் இது ஆஸ்மோசிஸ் கணக்கில் வராது என்றாள் மகள். நரம்புகள் விரல்நுனியின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் உள்ளே இழுபடுகிறதாம். நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் அப்படிச் சுருங்காது என்பதை மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்திருக்கிறார்கள்.

"ஆஸ்பத்திரில உப்புத் தண்ணியத்தானே ஏத்துறான்? ரத்தம் சுருங்காதா?"

இது நல்ல கேள்வி, அவரை மெச்சத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரில் உப்பு 0.9 சதவீதம்தான், ரத்தத்தின் அளவோடு ஒத்துப்போகும். அதனால் சிவப்பணுக்கள் சுருங்குவதும் இல்லை, உப்புவதும் இல்லை. வெறும் தண்ணீரை ஏற்றினால் அவை உப்பி வெடித்துவிடும்.

கடைசியில் பெகுவுக்குப் போன் போட்டார்.

"மாங்கா தண்ணி விடும். இதக் கேக்கவா போன் போட்டீங்க? அதக் கீழ கொட்டிராதீங்க," என்று சொல்லிச் சித்தி வைத்துவிட்டார்.

1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை வான்ட் ஹாஃப் வாங்கியதில் இந்தச் சவ்வூடு பரவல் அழுத்தக் கணக்குக்கும் பங்குண்டு. சித்திக்கு ஒரு சேலைகூட யாரும் கொடுத்ததில்லை.

வாண்டுகள் விடுதலையானார்கள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் சித்தப்பாவுக்குக் கிடையாது, ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு வழக்கை முடித்துக்கொண்டார். ஆனால் படித்த பாடத்தைச் சும்மா வைத்திருக்க அவரால் முடியவில்லை. திஞ்சான் முடிந்து சந்தை திறந்ததும் ஙாப்பி என்கிற உப்பிட்ட மீன் விழுது விற்கும் அம்மாவிடம் போய், மீனிலிருந்து உப்பு எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது, அதே உப்பில் கிருமிகளும் எப்படி நீர் வற்றிப்போகின்றன என்று சுத்தமான பர்மியத்தில் விளக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. அந்தம்மா தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"கால் வீசையா, அரை வீசையா?"