முதலில் எழுதட்டும், அப்புறம் பேசட்டும்

1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் ஊரில் ஒரு போட்டி. கொழுத்த எருது ஒன்றை நிறுத்திவைத்து, வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு தேறும் என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். படிக்க முடிந்த 787 சீட்டுகளையும் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஏறுவரிசையில் அடுக்கினார். நடுவில் வந்த சீட்டில் 1207 பவுண்டு. அவர் குறித்த உண்மையான எடை 1198.

ஒருவர் சீட்டு அடுத்தவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் முக்கியம். சிலர் கூட்டிச் சொன்னார்கள், சிலர் குறைத்து, இரண்டும் கழிந்துபோயின. ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் "ரெண்டு வாரம் போதும்ல?" என்று ஆரம்பித்துவிட்டால் அந்தக் கழிவே நடக்காது. எல்லாரும் ஒரே பக்கமாகத் தவறுவார்கள்.

அதனால் கேள்வியை அலகோடு போர்டில் எழுதுங்கள்: "எத்தனை வேலை நாள்?" ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் ஆளுக்கொரு சீட்டு, பெயர் வேண்டாம். 8, 10, 12, 12, 15, 20, 90 என்று வந்தால் சராசரி ஏறக்குறைய 24. ஒரே ஒரு 90 இழுத்த இழுப்பு அது. நடு எண் 12, அதை எடுங்கள். ஆனால் 90-ஐக் குப்பையில் போடாதீர்கள். எழுதியவர் சொல்ல முன்வந்தால் முதலில் அவர் பேசட்டும். மற்ற ஆறு பேருக்கும் தெரியாத ஒரு சிக்கல் அவருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுவிட்டு எல்லாரும் மறுபடி எழுதுங்கள்.

யோசனைகள் திரட்டவும் இதே முறைதான். நால்வர் கூடிப் பேசுவதைவிட, தனித்தனியாக எழுதிச் சேர்த்தால் அதிகம் தேறுகிறது என்று 1958-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. ஒருவர் பேசும்போது மூவர் காத்திருக்கிறார்கள், அதற்குள் நினைத்தது நழுவிவிடுகிறது.

விடையை நிரூபித்துக் காட்ட முடிகிற கணக்கு மட்டும் வேறு. உளவியலாளர் பீட்டர் வேசனின் அட்டைப் புதிரை நம் எழுத்தில் சொன்னால்: மேசையில் அ, க, 4, 7 என்று நாலு அட்டை. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "உயிரெழுத்து என்றால் பின்னால் இரட்டை எண்" என்ற விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? அ, 7. 4-ன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-ன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். 1998-ல் வந்த ஓர் ஆய்வில் தனியாக முயன்றவர்களில் 9 சதவீதம்தான் தேறினார்கள். ஐந்தாறு பேர் கூடி விவாதித்த குழுக்களில் நாலில் மூன்று. ஒருவர் 7-ஐக் கையில் எடுத்து விளக்கினால் போதும், மற்றவர்களுக்குப் பிடிபட்டுவிடும். இங்கே ஓட்டெடுப்பு மட்டும் நடத்திவிடாதீர்கள், 4-தான் ஜெயிக்கும்.