ஜப்பானில் எத்தனை ஃபுகுஷிமா!

ஃபுகுஷிமாவுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா?" திரும்பி வந்த பிறகு அலுவலகத்தில் ஒருவர் என்னிடமிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2011-இல் அணுமின் நிலைய விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு அந்தப் பெயரை மூட்டை கட்டி வைத்துவிட்டவர்களிடம் எதைச் சொல்வது?

ஃபுகுஷிமா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகருக்கும் அதே பெயர். ஒசாகா மாநகரில் ஒரு வார்டு ஃபுகுஷிமா. நாகானோ மாகாணத்து மலைகளுக்கு நடுவே ஒரு பழைய சத்திரத்து ஊர் ஃபுகுஷிமா. ஹொக்கைடோவின் தென்கோடியில் ஒரு கடலோர ஊர், நாகசாகி மாகாணத்தில் ஒரு தீவு, கியூஷுவின் யாமே நகரில் ஒரு பழைய கோட்டைத் தெரு. இது போதாதென்று ஆயிரக்கணக்கானோருக்கு அது குடும்பப் பெயரும்கூட. கையில் இருந்த பணத்துக்கு இவற்றில் மூன்று ஊர்கள்தான் கட்டுப்படியாயின.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் கீஸோவைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

கீஸோ ஃபுகுஷிமா, நாகோயாவிலிருந்து மலைக்குள் ஏறும் சூவோ ரயில் பாதையில் இருக்கிறது. ஷினானோ விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் சாதாரண ரயிலில் ஏறி நாகட்ஸுகாவாவில் மாறினேன். செலவு ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் ரயில்கள் மிகக் குறைவு. நடைமேடையில் குளிரில் உட்கார்ந்து அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் விரைவு ரயிலுக்கே பணம் கட்டிவிடுங்கள்.

எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலை வழியாக இணைத்த நாகாசெந்தோ சாலையில் மொத்தம் 69 தங்கல் ஊர்கள். அதில் 37-ஆவது இந்த ஃபுகுஷிமா. நாட்டின் நான்கு பெரிய சோதனைச் சாவடிகளில் ஒன்று இங்கே இருந்தது. எடோவுக்குள் துப்பாக்கி போகிறதா, எடோவிலிருந்து பெண்கள் வெளியேறுகிறார்களா என்ற இரண்டையும்தான் காவலர்கள் முக்கியமாகப் பார்த்தார்கள். பிரபுக்களின் மனைவிமார் எடோவில் ஏறத்தாழப் பிணைக்கைதிகள். அவர்கள் தப்பி ஊருக்குப் போனால் அடுத்தது கலகம் என்பது நாட்டை ஆண்ட ஷோகனின் கணக்கு. 1869-இல் சாவடிகளை ஒழித்தார்கள். இப்போது அதே இடத்தில் மரக்கட்டடத்தைத் திரும்பக் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் செங்குத்து மலை, மறு பக்கம் கீழே கீஸோ ஆறு. சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை.

ஆற்றங்கரை வீடுகளைப் பாலத்தில் நின்று பார்க்க வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண இரண்டு மாடிக் கடைகள். ஆற்றுப் பக்கம் வந்தால் அதே கட்டடம் கீழே இன்னும் இரண்டு தளம் இறங்கி, மரத்தூண்களை ஊன்றி, நீருக்கு மேலே தொங்குகிறது. ஒரு வீட்டின் அடித்தளத்தில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நேராக ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சட்டை நழுவினால் போனது போனதுதான்.

அந்தத் தெருவில் ஒரு சிறு கடையில் ஸுங்கி ஸோபா சாப்பிட்டேன். ஸுங்கி என்பது சிவப்பு டர்னிப் கீரையை உப்பே சேர்க்காமல் புளிக்க வைத்தது. கடலிலிருந்து வெகு தூரம் என்பதால் இந்த மலைகளில் உப்பு அரிதாக இருந்த காலத்துப் பழக்கம் என்கிறார்கள். குளிர்காலத்தில்தான் கிடைக்கும். ஆவி பறக்கும் கோதுமை நிறச் சாற்றில் சாம்பல் நிற நூடுல்ஸ், அதன் மேல் கைப்பிடி அளவு கரும்பச்சைக் கீரை. முதல் வாயிலேயே நம் புளிச்சக்கீரைக் கடையல் நினைவுக்கு வந்துவிட்டது. சாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன். கடைக்காரப் பாட்டி பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு சிறு தட்டில் இன்னும் கொஞ்சம் ஸுங்கி கொண்டுவந்து வைத்தார். பில்லில் அது இல்லை. சைவர்கள் கவனிக்க: சாறு பெரும்பாலும் போனிட்டோ மீன் துருவலில்தான் வேகிறது. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விடுதிதான் கசப்பு. ஜப்பானியப் பாரம்பரிய விடுதிகளில் அறைக்கு அல்ல, ஆளுக்குத்தான் வாடகை. தனியாக வருபவர் என்றால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வதே இல்லை. ஏற்றுக்கொண்டாலும் கூடுதல் தொகை. நான் தங்கிய இடத்தில் அந்தக் கூடுதல் தொகை பதிவு செய்யும்போது கண்ணில் படாத மூலையில் இருந்தது. கொடுக்கும்போது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. காலையில் அவர்கள் கொடுத்த உணவு அருமை. ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஷினானோ ரயிலில் இன்னும் வடக்கே போனால் மட்சுமோட்டோ. 1852-இல் அங்கே பிறந்த ஃபுகுஷிமா யாசுமாசா என்ற ராணுவ அதிகாரி, 1892-இல் பெர்லினில் குதிரையேறி, சைபீரியா வழியாக அடுத்த ஆண்டு விளாடிவொஸ்டோக் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். உண்மையில் ரஷ்யாவை வேவு பார்க்கும் பயணம் அது. அவரை நினைத்துக்கொண்டால் நான் அனுபவித்த இரவு பஸ் ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சொல்ல மாட்டேன்.

டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போனால் ஏறக்குறைய 14,000 யென். இரவு பஸ் அதில் பாதிக்கும் குறைவு. அந்த ஆசையில் ஏறினேன். வரிசைக்கு நான்கு இருக்கைகள். முன்னிருக்கைக்காரர் சாய்ந்ததும் என் முழங்கால் சிறைப்பட்டது. சூடேற்றியைக் கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டிருந்தார்கள், ஜன்னல் திறக்காது, திரைச்சீலையை விலக்கவும் கூடாது. நள்ளிரவைத் தாண்டி ஒவ்வொரு ஓய்வு நிறுத்தத்திலும் விளக்கைப் போட்டு அறிவிப்பு. காசு மிச்சம், முதுகு செலவு. கொஞ்சம் கூடக் கொடுத்து, வரிசைக்கு மூன்று இருக்கை உள்ள பஸ்ஸைப் பிடியுங்கள்.

விடியற்காலையில் இறங்கி, ஒசாகா ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் இரண்டாவது ஃபுகுஷிமா. வளைய ரயிலில் அடுத்த நிலையமே அதுதான். நகர மையமான உமேதாவின் பளபளப்புக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அறை வாடகை குறைவு. தண்டவாளத்துக்கு அடியிலும் சந்துகளிலும் வரிசையாகச் சின்னச் சின்ன உணவுக் கடைகள். ஒசாகாவில் தங்குவதானால் இங்கேதான் தங்க வேண்டும் என்பது என் முடிவு.

இங்கே ஒரு பதினாறு மாடிக் கட்டடத்துக்குள் நெடுஞ்சாலை புகுந்து வெளியேறுகிறது. கேட் டவர் என்று பெயர், 1992-இல் கட்டியது. நிலத்துக்காரர் இடத்தை விட மறுக்க, சாலை நிர்வாகமும் விடாப்பிடியாக நிற்க, ஆண்டுக்கணக்கில் பேசிக் கடைசியில் ஐந்து முதல் ஏழு வரையிலான தளங்களைச் சாலைக்கே விட்டுக்கொடுத்தார்கள். லிஃப்ட் நான்கிலிருந்து நேராக எட்டுக்குத் தாவுகிறது. சாலை கட்டடத்தைத் தொடாமல் தனித் தூண்களில் நிற்பதால் உள்ளே அதிர்வும் இல்லை. எதிரே நின்று கார்கள் சுவருக்குள் மறைவதையும் மறுபக்கம் முளைப்பதையும் நெடுநேரம் பார்த்தேன். டிக்கெட் இல்லாத வேடிக்கை!

இதே வார்டில்தான் 1835-இல் கல்வியாளர் ஃபுகுசாவா யூகிச்சி பிறந்தார். நினைவுக் கல் இருக்கிறது. 1984 முதல் 2024 வரை வெளியான 10,000 யென் நோட்டில் இருந்த முகம் அவருடையது. என் பணப்பையில் இருந்த பழைய நோட்டுகளில் கடைசியானதும் அவர் பிறந்த இடத்திலேயே கைமாறியது. மட்சுஷிதா கோனோசுகே 1918-இல் தன் சிறு தொழிற்கூடத்தைத் தொடங்கியதும் இங்கே ஓஹிராகியில்தான். பின்னாளில் அது பானசோனிக்.

இரவு ஒரு கடையில் முதலாளியிடம் நான் ஃபுகுஷிமாக்களைத் தேடித் திரிவதைச் சொன்னேன். "அப்படியானால் ஃபுகுஷிமா மாசானோரியையும் கணக்கில் சேருங்கள்" என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். 1561-இல் பிறந்த போர்ப் பிரபு, பெரும் குடிகாரர். குரோதா குலத்திலிருந்து தூது வந்த வீரரை வற்புறுத்திக் குடிக்கச் சொல்லி, முழுக் கிண்ணத்தையும் காலி செய்தால் கேட்டதைத் தருகிறேன் என்றாராம். வந்தவர் குடித்துவிட்டு, அவருடைய புகழ்பெற்ற ஈட்டியைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார். அந்த ஈட்டி இப்போது ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் மாசானோரிக்கு இன்னும் பெரிய இழப்பு: அனுமதி பெறாமல் ஹிரோஷிமா கோட்டையைப் பழுதுபார்த்ததற்காக 1619-இல் அந்த ஆட்சிப் பகுதியே பறிபோனது.

எல்லோரும் கேட்கும் ஃபுகுஷிமாவுக்கு இப்போதுதான் வருகிறேன், பயணத்தில் முதலில் போனது அங்கேதான் என்றாலும். டோக்கியோவிலிருந்து ஷின்கான்செனில் ஒன்றரை மணி நேரம். அணுமின் நிலையம் கடற்கரையில் ஒக்குமா, ஃபுத்தாபா ஊர்களில் இருக்கிறது. ஃபுகுஷிமா நகரம் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே. நிலையத்துக்கு மாகாணத்தின் பெயரை வைத்ததால் பழி முழுவதும் ஊர்மேல் விழுந்தது. நகரப் பூங்காவில் கதிர்வீச்சு அளவைக் காட்டும் கருவி நிற்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். நான் பறந்து வந்த விமானத்தில் மணிக்கு வாங்கிய கதிர்வீச்சு அதைவிட அதிகம்.

இந்த ஊரில் சாப்பிட வேண்டியது எம்பான் கியோஸா. கொழுக்கட்டைகளை வாணலியில் வட்டமாக அடுக்கி வறுத்து, அப்படியே தட்டில் கவிழ்த்துவிடுகிறார்கள். அடிப்பாகம் மேலே வந்து, மொறுமொறுவென்று ஒரே பொன்னிறத் தட்டாக இருக்கும். இருவருக்கானதை நான் ஒருவனே முடித்தேன். பெரும்பாலான கடைகள் மாலையில்தான் திறக்கின்றன, மதியம் போய் ஏமாற வேண்டாம்.

அங்கிருந்து சிறு ரயிலில் இசாகா வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம். சபாகோயு பொதுக் குளியலறையில் கட்டணம் சில நூறு யென்தான், நீரோ தோலை உரிக்கும் சூடு. உள்ளூர்த் தாத்தாக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 1689-இல் கவிஞர் பாஷோ இங்கே குளித்துவிட்டு ஓர் ஏழை வீட்டில் தங்கினார். மண்தரையில் பாய், விளக்கு இல்லை, இடி மழையில் கூரை ஒழுகல், தெள்ளுப்பூச்சி, கொசு, போதாக்குறைக்குப் பழைய நோய்வலி என்று அத்தனையையும் எழுதி வைத்திருக்கிறார். தங்குமிடத்தைப் பற்றிப் புலம்பும் உரிமை எனக்கும் உண்டு என்று அப்போது தெம்பு வந்தது.

கடைசியாகச் செலவு. நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. இப்படிச் சுற்றுபவர்களுக்கு அது நஷ்டம். தனித்தனி டிக்கெட்டும் பஸ்ஸுமே மலிவு. அடுத்து ஹொக்கைடோ ஃபுகுஷிமா. சியோனோயாமா, சியோனோஃபுஜி என்று யோகோசுனா என்ற உச்சப் பட்டம் பெற்ற இரண்டு சுமோ வீரர்களைக் கொடுத்த ஊர், இருவருக்கும் சேர்த்து ஒரு நினைவு அருங்காட்சியகமும் உண்டு. அந்த ஊருக்கு இருந்த ரயில் பாதையை 1988-இல் மூடிவிட்டார்கள். ஆகவே மறுபடியும் பஸ்தான். பகல் பஸ்ஸாகப் பார்த்துப் போகிறேன்.