இரும்புக் கதவும் என் ரவுட்டரும்

ஒரு வாரமாகச் சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் இணையம் பத்து நொடி போகும், அப்புறம் தானே வரும். “ஏம்மா, ஆபீஸ்லயும் நீ இதைத்தானே பாக்குற?” என்று மாமியார் கேட்டுவிட்டார். மானப் பிரச்சினை.

ரவுட்டர் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவைத் (log) திறந்தேன். வெளியிலிருந்து வரும் ஃபைபர் வந்து முடியும் பெட்டியோடு ரவுட்டரைச் சேர்க்கும் கேபிளைச் செருகும் இடம், அதாவது போர்ட், டவுன், அப், டவுன், அப். வெளியே ஃபைபரில் கோளாறு என்றால் பெரும்பாலும் இந்த போர்ட் விழாது. விளக்கு எரிந்தபடியே இருக்கும். ஆக, சேவை நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது: திரும்பி வரும்போது வேகம் சில நேரம் 1000 Mbps, சில நேரம் 100 Mbps. 1000-க்கு, அதாவது கிகாபிட்டுக்கு, அந்தக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும், 100-க்கு 4 போதும். எங்கோ ஒரு கம்பி அறுபடப் போகிறது.

விழுந்த நேரங்களைப் பார்த்தேன். எல்லாம் காலை ஆறரையை ஒட்டி. மாமியார் அரிசி எடுக்கும் நேரம்!

ஃபைபர் பெட்டி எங்கள் வீட்டு பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டிய சிறு அறைக்குள், இருக்கிறது. அரிசியும் அங்கேதான். கேபிள் அந்த இரும்புக் கதவிடுக்கு வழியாகத்தான் ஹாலுக்கு வருகிறது. தொட்டுப் பார்த்தால் ஒரு இடத்தில் அப்பளமாய் நசுங்கியிருந்தது. கேபிளை மாற்றி, கதவு முழுதாக மூடாதபடி ஒரு ரப்பர் கட்டையும் வைத்துவிட்டேன். மாமியாரிடம் காரணம் சொல்லவில்லை.