என் மீன் ரேட்டு, எவனோ கல்லா

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல எங்க அத்தை அடுப்படிக்கு வந்து, "இன்னிக்கு வஞ்சிரம் பக்கமே போவாத, ஏறிக் கெடக்குது, சங்கரா நல்லா வந்துருக்கு, அதையே வாங்கியாரச் சொல்லு"ன்னாங்க. நானும் பால் காய்ச்சிக்கிட்டே சரி அத்தைன்னுட்டேன். டம்ளரக் கையில குடுக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. வஞ்சிரம் ஏறுனது, சங்கரா வந்தது எல்லாமே காசிமேட்டு மீன் ஏலத்துல நின்னுக்கிட்டு எங்கண்ணன் மூணு மணிக்கு எனக்குப் போன் பண்ணிச் சொன்னது, நான் மாசம் 49 ரூபா கட்டுன ஜனங்களுக்கு மட்டும் வாட்சப் குரூப்புல போட்டது. அத்தை அந்த குரூப்புலயே இல்ல.

ஏன் இல்லன்னா அது தனிக் கத. ஆரம்பத்துல எல்லாரும் பேசற மாதிரித்தான் வெச்சிருந்தேன். நான் "நெத்திலி வந்துருச்சு"ன்னு போட்டா போதும், அதுக்குக் கீழ குட் மார்னிங் ரோஜாப்பூ, சுகருக்கு வெந்தயம், காணாமப் போன பர்ஸு, கொருக்குப்பேட்டைல வாடகைக்கு வீடுன்னு வந்து குவியும், நெத்திலி எங்கயோ அடியில நசுங்கிக் கெடக்கும், காசு கட்டுனவங்க அதத் தோண்டி எடுக்கறதுக்குள்ள அங்க ஏலமே முடிஞ்சு கூடைய கழுவி கவுத்துருப்பாங்க. அதனால அட்மின் மட்டும்தான் மெசேஜ் போடலாம்னு செட்டிங்க மாத்திட்டேன். ரோஜாப்பூ போட முடியாத ஆத்திரத்துல அத்தை அன்னிக்கே லெஃப்ட். ஓசி மெம்பர்தான், ஆனாலும் கொஞ்ச நாள் என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல.

உக்காந்த எடத்துல சம்பாதிக்கறேன்னு சொந்தக்காரங்க எல்லாம் கண்ணு வைக்கறாங்க, வந்து ஒரு வருஷம் நடத்திப் பாக்கட்டும். ஏப்ரல் 15 ஆனா தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவாது. "கடலே லீவு, உனக்கு மட்டும் எதுக்கு காசு?"ன்னு கேப்பாங்க. ஐயா, வெளியூர்ல இருந்து ஐஸுல வந்த மீனு எது, நம்ம சின்ன ஃபைபர் போட்டுக்காரங்க விடியக்காலைல கொண்டாந்தது எதுன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டியதே அப்பதான்னா எவன் கேக்கறான். ஆடி வந்தா கூழுக்கு கருவாட்டு ரேட்டு கேட்டு திரும்ப ஓடியாருவாங்க. அப்புறம் புரட்டாசி. குரூப்ப விட்டுப் போனா அட்மினுக்கு மட்டும்தான் நோட்டிஃபிகேஷன் வரும்னு வாட்சப்ல 2022ல மாத்திட்டாங்களா, ஒண்ணாந்தேதி காலைல ஒவ்வொருத்தரா சத்தமில்லாம நழுவறத நான் ஒருத்தி மட்டும் உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். பெருமாளக் குத்தம் சொல்ல முடியுமா.

வஞ்சிரத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு எண்ணி வைக்கிறவங்கதான் 49 ரூபாய கூறு கட்டி வெச்ச மீனு கணக்கா பேரம் பேசுவாங்க. "ரெண்டு பேருக்கு சேத்து எழுவது போட்டுக்கோ." "இந்த வாரம் நாங்க ஊர்ல இல்ல, கழிச்சுக்கோ." ஒருத்தர் பழைய ஜீபே ஸ்கிரீன்ஷாட்டயே தேதி தெரியாம வெட்டி வெட்டி மாசா மாசம் அனுப்பறாரு. இன்னொரு அக்கா கரண்ட் பில்லு கட்டுன ரசீதை அனுப்பிட்டு "பெய்டு"ன்னு போட்டுச்சு. ஒரு தம்பி, "அக்கா நான் காலேஜ் படிக்கிறேன், கன்செஷன்ல 30 போட்டுக்கோக்கா"ன்னான். படிக்கிற புள்ளைக்கு இன்னாத்துக்கு மீன் ரேட்டுன்னு எங்க வீட்டுக்காரர் அப்பவே கேட்டாரு, அவரு எதத்தான் கேக்கல.

சரி, அத்தை போனை வாங்கிப் பாத்தா "மீன் ரேட் விஐபி"ன்னு ஒரு குரூப்பு. அதுல என் மெசேஜு, எழுத்துக்கு எழுத்து. "கடம்பா சுமார்தான், அண்ணன் வேணாம்ங்கறாரு"ன்னு நான் போட்டதுகூட அப்படியே இருக்கு, யாரோட அண்ணன்னு ஒருத்தரும் கேக்கல போல. கடைசியில இருந்த என் பேரை மட்டும் எடுத்துட்டு ஒரு மீன் பொம்ம. மேல ரெட்டை அம்புக்குறி வேற, பல கை மாறி வந்துருக்குன்னு அர்த்தம். ஒரே நேரத்துல அஞ்சு எடத்துக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு 2018லயே நம்ம நாட்டுக்குன்னு கட்டுப்பாடு போட்டாங்க. அஞ்சு பத்தாதா? தண்டையார்பேட்டைல எங்க வீட்டு கட்டில்ல இருந்து கெளம்புனது வியாசர்பாடி வரைக்கும் சுத்திட்டு எங்க வீட்டு ஹாலுக்கே வந்து சேந்துருச்சு. டெலிகிராம்ல ஃபார்வர்டு பண்ணவே முடியாம பூட்டு போடலாம், எல்லாரும் அங்க வாங்கன்னு நான் முன்னாடியே கூப்ட்டேன். அது படம் டவுன்லோடு பண்றதுக்குத்தானம்மா, எங்க வீட்ல திட்டுவாங்கன்னு ஒருத்தரும் வரல.

"அத்தை, இது நான் எழுதுனது."

"இருந்தா இன்னா? உனக்கு 49, அவனுக்கு 20."

"உங்களுக்கு நான் ஓசியில தான குடுத்தேன்!"

"நீ எங்க பேச விட்ட? அந்தப் புள்ள, நாம குட் மார்னிங் போட்டா திருப்பி குட் மார்னிங் போடுது, சாப்ட்டீங்களாம்மான்னு கேக்குது. நீ வெறும் ரேட்ட விட்டெறிஞ்சிட்டு பூடற."

எனக்கு வாயே வரல. அவங்க விடல. "ஆமா, இது நீதான் போடறியா? அப்ப கொஞ்சம் சீக்கிரம் போடக்கூடாது? நீ லேட்டு பண்றதாலதான் அந்தப் புள்ளையும் லேட்டாவுது, எல்லாரும் அதத் திட்டறாங்க பாவம்."

இந்த மாசக் காசு யாரு கட்டுனதுன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரராம். அந்த ஆளு சரியா அந்த நேரம் பாத்து பாத்ரூமுக்குப் போயிட்டாரு.

அத்தைக்கு ஜீபே தெரியாது. அடுத்த மாசத்துக்கு நீயே போட்டு உட்டுடும்மான்னு காலண்டர் அட்டைல எழுதி வெச்ச நம்பர எடுத்துக் குடுத்தாங்க. யாருன்னு பாத்துடலாம்னு நம்பரத் தட்டுனேன். பேங்குல இருக்கற பேரு இனிஷியலோட வந்து நின்னுச்சு.

கன்செஷன் தம்பி. அந்த 30 ரூபாயும் போன மாசத்துது இன்னும் வரல.

"போட்டியா?"ன்னாங்க அத்தை. "போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, தேதி தெரியணும். இல்லன்னா குரூப்ப விட்டுத் தூக்கிடுவான், அந்த விஷயத்துல அவன் ரொம்ப கரெக்டு."