பைனாகுலர் வாங்கப் போறீங்களா?
பறவை பாக்க பைனாகுலர்னதும் எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை மடங்குன்னுதான், நானும் அப்படி ஆசைப்பட்டு 12×50 வாங்கி, கை ஆடி ஆடி ஒரு தேன்சிட்டைக்கூட ஒழுங்கா பாக்க முடியாம கடைசில பரண்ல ஏத்திட்டேன் (வீட்ல சொல்லிடாதீங்க). இப்ப 8×42. எட்டு மடங்கு கிட்ட காட்டும், 42ங்கறது முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 42ஐ 8ஆல வகுத்தா 5.25, கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம் அந்த அளவு, அதனால விடிகாலை மங்கல்லயும் நல்லா தெரியுது, பார்வைப் பரப்பும் அகலமா இருக்கறதால கிளைக்குக் கிளை தாவுற குருவிய சட்டுனு புடிச்சிடலாம். கண்ணாடி போடுறவங்க ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரிய, கண் பக்க லென்ஸ்லேர்ந்து கண்ணு தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கான்னு கட்டாயம் பாருங்க, இல்லன்னா ஓரமெல்லாம் கறுப்படிக்கும். கழுத்து வலிக்குத்தான் இன்னும் வழி தெரியல.