சூரைக் கணக்கும் பிழையான விடைத்தாளும்

திருகோணமலையில் இருந்துகொண்டு, மேலாண்மைப் பட்டமேற்படிப்பில் சேர எழுதும் ஜிமேட் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் வகுப்பொன்றில் கொடுத்த பயிற்சித்தாளின் ஒரே ஒரு பிழையான விடை என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அது ஒரு தரவுப் போதுமைக் கேள்வி: தரும் இரு கூற்றுகள் பதில் சொல்லப் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். கேள்வி இதுதான்: ஒரு படகில் வந்த மீனில் சூரை, நிறைப்படி 40 சதவீதத்துக்கு மேலா? முதற்கூற்று: சூரையின் நிறை மற்ற மீன்களின் நிறையில் 70 சதவீதத்துக்கு மேல். இரண்டாம் கூற்று: சூரை 300 கிலோவுக்கு மேல், மொத்த மீன் 800 கிலோவுக்குக் குறைவு.

இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் போதும், விடை 'சி' என்றது தாள். எப்படிப் போட்டாலும் எனக்கு 'ஏ', அதாவது முதற்கூற்று மட்டுமே போதும் என்பதுதான் வந்தது. மற்ற மீன் 100 கிலோ என்று வையுங்கள். சூரை 70ஐத் தாண்ட வேண்டும். 170இல் 70 என்பதே 41 சதவீதத்துக்கு மேல். சூரை கூடக்கூட அது ஏறுமே தவிர இறங்காது. முதற்கூற்று மட்டும் போதும். இரண்டாவது போதாது: 790இல் 310 என்றால் 40ஐ எட்டாது, 500இல் 310 என்றால் 62.

இதைக் கேட்கக் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வகுப்புக்குப் போனால், "சேர் இன்றைக்கு வரமாட்டார்" என்றார்கள். அந்தப் பயணம் வீண். மறுபடி போனபோது ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "சரியான சதவீதம் வரவில்லையே தம்பி, பிறகு எப்படிப் போதும்?" என்றார். கேள்வி எத்தனை சதவீதம் என்று கேட்கவே இல்லை. மேலா, இல்லையா என்பதற்கு ஒரே பதில் உறுதியாகக் கிடைத்தால் போதும். உறுதியான 'இல்லை'யும் போதுமானதே. "சேர், முதற்கூற்றுக்கு ஒத்துவந்து 40க்குக் கீழே நிற்கும் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்" என்றேன். 71 போட்டார், 72 போட்டார். பிறகு பேசாமல் சிவப்புப் பேனாவை எடுத்து 'சி'யை வெட்டினார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தும் களைப்புத் தெரியவில்லை.

சதவீதம் என்று கண்டவுடன் எதன் சதவீதம் என்று அடிக்கோடிடுங்கள். மற்ற மீன்களில் 70 வேறு, மொத்தத்தில் 70 வேறு. சமனிலியில், அதாவது மேல், கீழ் என்று ஒப்பிடும் கணக்கில், எல்லையை ஒட்டிய எண்ணையும் தொலைவில் உள்ள எண்ணையும் போட்டுப் பாருங்கள். குறி தெரியாத மாறியால் இரு பக்கமும் பெருக்காதீர்கள். அது எதிர்க்கணியமானால், அதாவது பூச்சியத்திலும் குறைந்தால், சமனிலியின் குறி திரும்பிவிடும். மீனின் நிறையில் அந்த அச்சம் இல்லை, வெறும் எக்ஸ், வை வரும்போது உண்டு.

பழைய தாள்களை நம்பி நேர அட்டவணை போடவும் வேண்டாம். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட் பரீட்சையில் இவ்வகைக் கேள்விகள் கணிதப் பகுதியில் இல்லை. தரவு நுண்ணறிவுப் பகுதிக்குப் போய்விட்டன. அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள், திரையில் கணிப்பானும் உண்டு.

அடுத்த அணிக்குக் கொடுத்த தாளிலும் அதே 'சி' அச்சாகியிருப்பதாக அறிகிறேன். கையில் வைத்திருப்பவர்கள் அதை வெட்டி 'ஏ' என்று எழுதிக்கொள்ளுங்கள்.